நான்கு மணி நேரத்துக்கு 4,500 யென்: டிஸ்னிலேண்டின் மாலை டிக்கெட் யாருக்குக் கட்டுப்படியாகும்?

2025 பிப்ரவரி 3, திங்கள், இரவு 9.20 (கேள்வி)

டோக்கியோ டிஸ்னிலேண்டில் பெரியவர்களுக்கான முழுநாள் டிக்கெட் 7,900 யென்னில் தொடங்குகிறது. வார நாள்களில் மாலை 5 மணிக்குமேல் உள்ளே விடும், வீக்நைட் பாஸ்போர்ட் என்னும் மாலை டிக்கெட் 4,500 யென்னில் தொடங்குகிறது. பூங்கா திறந்திருப்பது காலை 9 முதல் இரவு 9 வரை. அதாவது, மூன்றில் ஒரு பங்கு நேரத்துக்குப் பாதிக்கும் மேற்பட்ட விலையைக் கேட்கிறார்கள். மணிக்கணக்கில் பார்த்தால் முழுநாளுக்கு 658 யென், மாலைக்கு 1,125 யென். இதை மலிவு என்று நம்பி வாங்குபவர்கள் கணக்குப் பார்க்கவில்லை என்பது என் கருத்து. மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கட்டும்.

பிப்ரவரி 3, இரவு 10.45 (பதில்)

மறுக்கிறேன். டோக்கியோவின் நிஷிகசாயில் ஆறு ஆண்டுகளாகக் குடியிருக்கிறோம். மாலை டிக்கெட்டில் ஐந்து முறை போய் வந்திருக்கிறேன். உங்கள் வகுத்தல் சரி, ஆனால் பூங்காவின் பன்னிரண்டு மணி நேரமும் ஒரே எடை கொண்டவை என்று அது எடுத்துக்கொள்கிறது. காலை 11 மணி முதல் பிற்பகல் 3 மணி வரை வரிசையில் நிற்கும் நான்கு மணி நேரமும், விளக்குகள் எரியத் தொடங்கிய பிறகு வரும் நான்கு மணி நேரமும் ஒன்றல்ல. எலெக்ட்ரிக்கல் பரேட் ட்ரீம்லைட்ஸ் ஊர்வலம் மாலைக்கே உரியது. கோட்டைச் சுவரில் ஒளிப்படம் பாய்ச்சிக் காட்டும் நிகழ்ச்சியும் இருட்டிய பிறகுதான் நடக்கும். முழுநாள் டிக்கெட் எடுத்தவரும் இவற்றுக்காக இரவு வரை காத்திருக்கத்தான் வேண்டும். சிறு குழந்தைகளோடு வந்தவர்களில் பலர் காத்திருக்க முடியாமல் ஆறு மணிக்கே வெளியேறுகிறார்கள். அவர்கள் காலி செய்யும் இடத்தில்தான் நாம் நுழைகிறோம்.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மாலையில் போகிறவர் உள்ளே சாப்பிடுவது அதிகம் போனால் ஒரு வேளை. சைவம் மட்டும் உண்ணும் குடும்பத்துக்கு இது சிறிய விஷயமில்லை. வெளியுணவை உள்ளே கொண்டுபோக அனுமதியில்லை. வாயிலுக்கு வெளியே அமர்ந்து உண்ண இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். நாங்கள் அங்கேயே தக்காளிச் சாதத்தை முடித்துக்கொண்டு உள்ளே போவோம். அதன்பின் பாப்கார்ன் ஒரு வாளி போதும். உள்ளூரில் குடியிருக்கும் குடும்பத்துக்கு இதைவிட ஏற்ற டிக்கெட் இல்லை.

பிப்ரவரி 4, செவ்வாய், காலை 7.50

தோசாய் தடத்தில் ரயிலுக்கு நிற்கும்போது இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். நேற்று எழுதியதில் ஒரு குறை இருக்கிறது: ஐந்து மணி என்பது டிக்கெட்டில் அச்சான நேரம், வேலைக்குப் போகிறவரின் நேரம் அல்ல.

என் அலுவலகம் ஓதேமாச்சியில். ஐந்து மணிக்குச் சரியாக எழுந்தாலும் டோக்கியோ நிலையத்துக்கு நடந்து, அதற்குள் கெய்யோ தடத்தின் நடைமேடைக்குப் போய்ச் சேர வேண்டும். அந்த நடைமேடை நிலையத்தின் மற்றப் பகுதிகளிலிருந்து எவ்வளவு தள்ளி, எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பது ஒருமுறை நடந்தவருக்குத் தெரியும். அங்கிருந்து பூங்காவுக்குப் பக்கத்து நிலையமான மைஹாமாவுக்கு ரயிலில் ஏறக்குறைய 15 நிமிடம். பை சோதனை முடிந்து உள்ளே கால் வைக்கும்போது 5.50 ஆகிவிடும். மிஞ்சுவது மூன்று மணி பத்து நிமிடம். அப்படியானால் மணிக்கு 1,420 யென்னுக்கு மேல். கேள்வி கேட்டவர் போட்ட கணக்கைவிட என் உண்மைக் கணக்கு மோசமாக இருக்கிறது. இருந்தும் போகிறேன் என்றால், நான் மணிகளை விலைக்கு வாங்கவில்லை, ஓர் இரவை வாங்குகிறேன் என்று பொருள். என் கருத்தை மாற்றவில்லை. ஆனால் ‘மணிக்கணக்கிலும் லாபம்’ என்று யாரும் இதை விற்க முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

பிப்ரவரி 5, புதன், இரவு 11.10

கவாசாகியிலிருந்து ஒருவர் தம் இரண்டு பிள்ளைகளுக்கு மாலை டிக்கெட் என்ன விலை என்று கேட்டிருக்கிறார். பதில் எழுத விலைப்பட்டியலைத் திறந்தபோதுதான், திங்களன்று நான் எழுதிய கடைசி வாக்கியம் தவறு என்று தெரிந்தது. ‘உள்ளூரில் குடியிருக்கும் குடும்பத்துக்கு இதைவிட ஏற்ற டிக்கெட் இல்லை’ என்றேன். அதைத் திரும்பப் பெறுகிறேன்.

காரணம் இது. முழுநாள் டிக்கெட்டில் மூன்று வயதுப்பிரிவுகள் உண்டு: பெரியவர்களுக்கு 7,900 முதல் 10,900 யென் வரை, 12 முதல் 17 வயதினருக்கு 6,600 முதல் 9,000 வரை, 4 முதல் 11 வயதுக் குழந்தைகளுக்கு 4,700 முதல் 5,600 வரை. வார இறுதியில் பிற்பகல் 3 மணிக்குமேல் நுழையும் ஏர்லி ஈவினிங் பாஸ்போர்ட்டிலும் இதே மூன்று பிரிவுகள் இருக்கின்றன. வீக்நைட் பாஸ்போர்ட்டில் மட்டும் வயதுப்பிரிவு கிடையாது. நான்கு வயதுக் குழந்தைக்கும் நாற்பது வயதுத் தந்தைக்கும் ஒரே விலை, 4,500 முதல் 6,200 யென் வரை.

ஆகவே பெரியவர் மாலை டிக்கெட் எடுத்தால் குறைந்தவிலை நாளில் 3,400 யென் மிச்சம். குழந்தைக்கு மிச்சம் 200 யென். விலை வரம்பின் மேல்முனையைப் பார்த்தால் நிலைமை தலைகீழாகிறது: மாலை டிக்கெட் 6,200, குழந்தையின் முழுநாள் டிக்கெட் 5,600. நான்கு மணி நேரத்துக்குப் பன்னிரண்டு மணி நேரத்தைவிடக் கூடுதல் விலை. முழுநாள் டிக்கெட் வைத்திருப்பவர் காலையிலேயே நுழைந்தாக வேண்டும் என்று விதி எதுவும் இல்லை. மாலை ஐந்துக்கும் நுழையலாம்.

கவாசாகி நண்பருக்கு: நீங்களும் உங்கள் துணைவியாரும் மாலை டிக்கெட் எடுங்கள், பிள்ளைகள் இருவரும் 12 வயதுக்குள் என்றால், போகும் நாளின் இரண்டு விலைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, வித்தியாசம் சில நூறு யென்தான் என்றால் அவர்களுக்கு முழுநாள் டிக்கெட்டையே எடுத்துவிடுங்கள். திட்டம் மாறி முன்னதாகவே கிளம்ப முடிந்தால் அது கைகொடுக்கும்.

ஒரே விலை என்ற இந்த ஏற்பாடு புதிதல்ல. முன்பு இருந்த ஆஃப்டர் 6 பாஸ்போர்ட்டும் அப்படித்தான் இருந்தது. வேலை முடித்து வரும் பெரியவர்களை மனத்தில் வைத்து வகுத்த டிக்கெட் அது என்பது என் அனுமானம். பள்ளி விட்டு வரும் பிள்ளையை அதில் ஒருவரும் நினைத்துப் பார்க்கவில்லை என்றே தோன்றுகிறது, அது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

பிப்ரவரி 6, வியாழன், இரவு 10.30

‘எல்லாமே விலை ஏறிவிட்டது, இதுவும் ஏறியிருக்கிறது, இதில் விவாதிக்க என்ன இருக்கிறது’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஏறியது எது, ஏறாதது எது என்று பிரித்துப் பார்த்தால் விவாதிக்க நிறையவே இருக்கிறது.

2019 செப்டம்பர் வரை பெரியவர்களுக்கு முழுநாள் டிக்கெட் 7,400 யென். அதில் நாளுக்கு நாள் மாறும் விலை கிடையாது. வார நாளில் மாலை ஆறு மணிக்குமேல் நுழையும் ஆஃப்டர் 6 பாஸ்போர்ட் 4,200. வார இறுதியிலும் விடுமுறையிலும் பிற்பகல் மூன்று மணிக்குமேல் நுழையும் ஸ்டார்லைட் பாஸ்போர்ட் 5,400.

4,200ஐ 7,400ஆல் வகுத்தால் 57 விழுக்காடு. இன்றைய 4,500ஐ 7,900ஆல் வகுத்தாலும் 57 விழுக்காடு. மேல்முனையில் 6,200ஐ 10,900ஆல் வகுத்தாலும் அதே 57. வார நாள் மாலைக்கு முழுநாளில் இத்தனை பங்கு என்று ஒருமுறை முடிவுசெய்து, அதை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். நுழையும் நேரம் ஆறிலிருந்து ஐந்துக்கு முன்னே வந்தது. மூடும் நேரமும் பத்திலிருந்து ஒன்பதாகக் குறைந்தது. நான்கு மணி நேரம் நான்கு மணி நேரமாகவே இருக்கிறது.

வார இறுதி டிக்கெட்டின் கதை வேறு. 7,400இல் 5,400 என்பது 73 விழுக்காடு. இன்று ஏர்லி ஈவினிங் பாஸ்போர்ட் பெரியவர்களுக்கு 6,500 முதல் 8,700 வரை: 7,900இல் 6,500 என்பது 82, 10,900இல் 8,700 என்பது 80. பங்கு ஏறியிருக்கிறது. நேரமோ குறைந்திருக்கிறது: அன்று மூன்று முதல் பத்து வரை ஏழு மணி நேரம், இன்று மூன்று முதல் ஒன்பது வரை ஆறு மணி நேரம். மணிக்கு 771 யென்னாக இருந்தது இன்று குறைந்தபட்சம் 1,083 யென், அதிகபட்சம் 1,450 யென்.

ஆகையால் கேள்வி கேட்டவரின் சினத்தில் நியாயம் உண்டு. அது வீக்நைட் பாஸ்போர்ட்டின் மேல் விழுந்ததுதான் பொருத்தமில்லை. ஏர்லி ஈவினிங் பாஸ்போர்ட்டின் மேல் விழுந்திருந்தால் நானும் கூடவே நின்றிருப்பேன்.

பிப்ரவரி 7, வெள்ளி, மதியம் 12.40

நேற்றைய குறிப்புக்கு ஒரு திருத்தம். 2019இல் பூங்கா எல்லா நாளும் இரவு பத்து வரை திறந்திருக்கவில்லை. பெரும்பாலான நாள்களில் அப்படி இருந்தது என்பதே சரி. காலையிலும் பெரும்பாலும் எட்டு மணிக்கே திறந்தார்கள். ஆகவே முழுநாள் டிக்கெட்டும் இரண்டு மணி நேரத்தை இழந்திருக்கிறது. அதையும் சேர்த்தால் வார இறுதி மாலை டிக்கெட்டின் நேரப்பங்கு பதினான்கில் ஏழிலிருந்து பன்னிரண்டில் ஆறு; இரண்டும் பாதிதான். ‘நேரம் குறைந்தது’ என்று நான் வைத்த குற்றச்சாட்டில் பாதியை நீக்கிக்கொள்ளுங்கள். பங்கு 73இலிருந்து 80க்கு ஏறியது என்ற மறுபாதி அப்படியே நிற்கிறது.

பிப்ரவரி 7, இரவு 11.30

ஏன் வார இறுதியின் பங்கை மட்டும் ஏற்றினார்கள்? பூங்காக்களை நடத்தும் ஓரியண்டல் லேண்ட் நிறுவனத்தின் வருகைக் கணக்கைப் பார்த்தால் ஒரு விடை தெரிகிறது. 2018–19 நிதியாண்டில் டிஸ்னிலேண்டுக்கும் அதன் பக்கத்துப் பூங்காவான டிஸ்னிசீக்கும் சேர்த்து ஏறக்குறைய 3.26 கோடி பேர் வந்தார்கள். 2023–24இல் 2.75 கோடி. பெருந்தொற்றுக்குப் பிறகு ஒரு நாளில் உள்ளே விடும் எண்ணிக்கையை நிறுவனமே வேண்டுமென்று குறைத்து வைத்திருக்கிறது. கூட்டத்தைக் குறைத்து, ஒருவர் செலவிடும் தொகையை உயர்த்துவதே அவர்கள் தேர்ந்த வழி. சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குப் பூங்காவில் காலியிடம் இல்லை. அந்த நேரத்தில் இன்னொருவரை மலிவாக உள்ளே அழைக்க அவர்களுக்குத் தேவையும் இல்லை. புதன்கிழமை ஐந்து மணிக்குத் தேவை இருக்கிறது. மாலை டிக்கெட் தள்ளுபடி அன்று. காலியாகும் இடத்தை நிரப்பும் ஏற்பாடு. காலியாகாத நாளில் அதன் விலை முழுநாளை நெருங்கிவிடுகிறது.

காரணம் புரிவதனால் விலை நியாயமாகிவிடாது. வார நாளில் ஐந்து மணிக்கு வர முடியாத வேலையில் இருப்பவர்கள் எத்தனையோ பேர். உணவகத்திலும் கிடங்கிலும் வேலை பார்க்கும் நம்மூர்ப் பிள்ளைகளை நான் அறிவேன். அவர்களுக்குக் கிடைப்பது சில நேரம் ஒரு ஞாயிற்றுக்கிழமையின் பிற்பகல் மட்டும்தான். அந்தப் பிற்பகலின் விலைதான் ஏறியிருக்கிறது.

பிப்ரவரி 9, ஞாயிறு, மாலை 4.15

மற்றப் பூங்காக்கள் இதை எப்படிச் செய்கின்றன என்று கேட்டவர்களுக்காக எழுதுகிறேன்.

ஒசாகாவின் யுனிவர்சல் ஸ்டுடியோஸ் ஜப்பானில் பிற்பகல் மூன்று மணிக்குமேல் நுழையும் ட்வைலைட் பாஸ் உண்டு. அங்கே மூடும் நேரம் நாளுக்கு நாள் மாறுகிறது. தொடக்கம் மூன்று மணியில் நிலையாக நிற்க, முடிவு நகர்ந்துகொண்டே இருக்கிறது. ஒரே பெயருள்ள டிக்கெட் ஒரு நாளில் நான்கு மணி நேரத்தையும் இன்னொரு நாளில் ஆறு மணி நேரத்தையும் தரக்கூடும். வாங்குமுன் விலைப்பட்டியலைவிட நேரப்பட்டியலை முதலில் பார்க்க வேண்டிய இடம் அது. எனக்கு அங்கே பிடித்தது ஒன்றரை நாள் பாஸ்: முதல் நாள் பிற்பகல் மூன்று மணிக்கு நுழையலாம், மறுநாள் முழுவதும் இருக்கலாம். காலை ரயிலில் டோக்கியோவிலிருந்து கிளம்பி, விடுதியில் பையை வைத்துவிட்டு வருகிறவரின் நாளைப் பார்த்து வகுத்த டிக்கெட் அது.

அமெரிக்காவில் டென்னசி மாநிலத்து டாலிவுட் பூங்கா இதையே இன்னும் தாராளமாகச் செய்து வந்திருக்கிறது: பிற்பகல் மூன்று மணிக்குமேல் வந்து முழுநாள் டிக்கெட் வாங்கினால், பூங்கா திறந்திருக்கும் அடுத்த நாள் இலவசம். பாதி நாளைக் குறைந்த விலைக்கு விற்காமல், வந்தவரை இன்னோர் இரவு அவ்வூரிலேயே தங்கவைக்கிற வழி. சியோலின் லாட்டே வேர்ல்டில் மாலை நான்கு மணிக்குமேல் நுழைவதற்கென்றே தனி டிக்கெட் இருக்கிறது.

கோபன்ஹேகனின் டிவோலியில் நுழைவுக்கு ஒரு கட்டணம், ராட்டினங்களுக்குத் தனிக் கட்டணம். 1843இல் திறந்த பூங்கா அது. அங்கே மாலை டிக்கெட் என்ற கேள்விக்கே இடம் குறைவு; விளக்குகளைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு ராட்டினத்தில் ஏறிவிட்டு வருகிறவர் அதற்கு மட்டுமே பணம் தருகிறார். டோக்கியோ டிஸ்னிலேண்டும் 1983 ஏப்ரல் 15 அன்று திறந்தபோது, எல்லாம் அடங்கிய பாஸ்போர்ட் 3,900 யென்னுக்கு விற்றாலும், பக்கத்திலேயே பத்துச் சவாரிகளுக்கான சீட்டுப் புத்தகமும் விற்றது. அந்தப் புத்தகங்கள் 2001இல் நின்றுபோயின. எல்லாம் அடங்கிய ஒரே விலை என்று வந்த பிறகுதான், எல்லாம் வேண்டாதவருக்காக நாளைத் துண்டுபோட வேண்டிய தேவை பிறந்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

அன்று முழுநாள் 3,900, இன்று நான்கு மணி நேரம் 4,500. நாற்பது ஆண்டு இடைவெளியில் இதை ஒப்பிடுவது முறையல்ல என்று தெரியும். ஆயினும் எழுதிவைக்கிறேன்.

பிப்ரவரி 10, திங்கள், இரவு 8.05

நாளை போகலாம் என்று வீட்டில் முடிவுசெய்து, டிக்கெட் எடுக்கத் திறந்தால் வீக்நைட் பாஸ்போர்ட் பட்டியலில் இல்லை. நாளை பிப்ரவரி 11, தேசிய விடுமுறை. செவ்வாய்க்கிழமையாக இருந்தாலும் அது ‘வார நாள்’ அல்ல. ஏர்லி ஈவினிங் மட்டுமே விற்கும். ஜப்பானிய விடுமுறைப் பட்டியலை முதலில் பாருங்கள், பிறகு பிள்ளைகளிடம் சொல்லுங்கள். மகளுக்குச் சமாதானம் சொல்வது டிக்கெட் விலையைவிடக் கடினமாக இருந்தது.

பிப்ரவரி 15, சனி, காலை 10.20

நேற்று போய்வந்தோம். புதன்கிழமைக் குறிப்பில் எழுதியதைச் சற்று மாற்றிச் செய்துபார்த்தோம். மனைவிக்கும் ஏழு வயது மகளுக்கும் முழுநாள் டிக்கெட், எனக்கு மட்டும் வீக்நைட். மகளின் பள்ளி விட்டதும் இருவரும் கசாய் நிலையத்திலிருந்து பேருந்தில் நேரே போய்விட்டார்கள். மூன்றரை மணிக்கு உள்ளே இருந்தார்கள். நான் ஆறு மணிக்குச் சற்று முன்னே போய்ச் சேர்ந்தேன்.

குறைந்தவிலை நாளாக எடுத்துக்கொண்டு கணக்குச் சொல்கிறேன். நேற்றைய விலை அதைவிட மேல். மூவருக்கும் வீக்நைட் என்றால் 13,500. மூவருக்கும் முழுநாள் என்றால் 20,500. நாங்கள் செய்த கலப்பில் 17,100. வீக்நைட்டைவிட 3,600 கூடுதலாகக் கொடுத்து, மனைவிக்கும் மகளுக்கும் ஒன்றரை மணி நேரம் கூடுதலாகக் கிடைத்தது. எண்ணாகப் பார்த்தால் இது நல்ல பேரம் அன்று. ஆனால் அந்த ஒன்றரை மணி நேரத்தில் மகள் பகல் வெளிச்சத்தில் கோட்டையைப் பார்த்தாள், இரண்டு சவாரிகளில் ஏறினாள், ஊர்வலம் வரும்போது களைப்பில்லாமல் விழித்திருந்தாள். முன்பு இரண்டு முறை மாலை டிக்கெட்டில் போனபோது, ஐந்து மணிக்கு வீட்டிலிருந்து கிளம்பும் பரபரப்பிலேயே சோர்ந்து, ஊர்வலத்தின் பாதியில் என் தோளில் தூங்கிவிட்டாள். ஊர்வலத்தை முழுதாக அவள் பார்த்தது நேற்றுதான்.

ஊர்வலம் நடக்கும் முக்கால் மணி நேரத்தில் சவாரிகளின் வரிசை குறைகிறது என்பது மாலையில் வருகிறவர்கள் எல்லோரும் சொல்வது, உண்மைதான். ஊர்வலத்தை ஏற்கெனவே பார்த்தவர்கள் அந்த நேரத்தைச் சவாரிகளுக்கு வைத்துக்கொள்ளலாம். மூடும் நேரத்துக்குச் சற்று முன் வரிசையில் சேர்ந்தவரையும் ஏற்றிவிட்டுத்தான் நிறுத்துகிறார்கள். எட்டரைக்கு மேல் கடைகளுக்குள் கூட்டம் போய்விடும். அப்போது பெரிய சவாரியின் வரிசைக்குப் போங்கள், பொம்மை வாங்குவதை முன்னதாகவே முடித்துவிடுங்கள்.

பிப்ரவரி 15, இரவு 9.50

கேள்வி கேட்டவர் மீண்டும் வந்து, மார்ச்சில் மதுரையிலிருந்து பெற்றோர் வருகிறார்கள், அவர்களுக்கு எந்த டிக்கெட் என்று கேட்டிருக்கிறார். மறுத்து எழுதுங்கள் என்று தொடங்கியவர் வாங்குவதற்கு யோசனை கேட்பதில் எனக்கு மகிழ்ச்சி.

எழுபதை நெருங்கியவர்களுக்குப் பன்னிரண்டு மணி நேரம் வேண்டாம். வீக்நைட் போதும், சவாரிகளுக்காக அன்றி ஊர்வலத்துக்காகவும் ஒளிக்காட்சிக்காகவும் போவதாக வைத்துக்கொள்ளுங்கள். மைஹாமா கடலோரம், மார்ச் இரவிலும் காற்று எலும்பைத் தொடும், மழையோ பெருங்காற்றோ வந்தால் ஊர்வலமும் வாணவேடிக்கையும் நின்றுபோகும். மாலைக்கென்று மட்டும் போகிறவருக்கு அது பெரிய இழப்பு. பகலில் பார்த்ததை வைத்து மனத்தைத் தேற்றிக்கொள்ளவும் வழியில்லை. ஆகவே டிக்கெட்டை வாரக்கணக்கில் முன்பே எடுக்காமல், வானிலை தெளிந்த நாளுக்கு இரண்டு நாள் முன்னே எடுங்கள். மார்ச் 20 வியாழன் விடுமுறை, அன்று கிடைக்காது. மார்ச் கடைசியில் பள்ளிகளுக்கு விடுமுறை என்பதால் விலையும் கூட்டமும் ஏறும். முடிந்தால் மாதத்தின் முதல் பத்து நாள்களுக்குள் போய்வாருங்கள். அப்பாவுக்குக் குல்லாய் ஒன்றும், தரையில் விரித்து உட்காரத் தடிப்பான விரிப்பு ஒன்றும் எடுத்துச் செல்லுங்கள்.